முழங்காலுக்குக் கீழே டிபியா உடைந்தால்: ஸ்க்ரூ, பிளேட், ராடு, ரிங் – எது எங்கே சரிப்படும்?

"எந்த கம்பெனி பிளேட் போட்டா நல்லது?" முழங்கால் மூட்டுக்குக் கீழே எலும்பு உடைந்து ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் வீட்டாரிடமிருந்து முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான். அடுத்தது, "டைட்டானியமா, ஸ்டீலா?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான், பணம் கட்டுகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் இந்த இடத்தில் கால் நேராக நிற்குமா, முட்டி மடங்குமா என்பதை முடிவுசெய்பவை வேறு. எந்தத் துண்டு உடைந்திருக்கிறது? போடுகிற உலோகம் அந்தத் துண்டைப் பிடிக்கிறதா? கத்தி வைக்கிற அன்று தோல் தயாராக இருந்ததா? இப்போது புழக்கத்தில் இருக்கும் சாதனங்களை இந்த மூன்று கேள்விகளை வைத்துத்தான் இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

முட்டிக்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள பெரிய எலும்புதான் டிபியா. அதன் மேல்முனை அகன்று விரிந்து, தொடை எலும்பின் இரண்டு குமிழ்களையும் தாங்குகிறது. உள்பக்கம் சற்றுக் குழிந்தது, எலும்பும் கெட்டி. வெளிப்பக்கம் லேசாக மேடிட்டு, உயர்ந்து, எலும்பு மென்மையாக இருக்கும். பைக்கில் போகிறவரின் முட்டியில் வெளியிலிருந்து வண்டி மோதினால், தொடை எலும்பின் குமிழ் அந்த மென்மையான பக்கத்தில் போய் அழுந்துகிறது. வெளிப்பக்க முறிவுகள் அதிகம் வருவது இதனால்தான். உள்பக்கம் உடைய வேண்டுமானால் அடி பலமாக இருந்திருக்க வேண்டும். எனவே உள்பக்கம் உடைந்திருந்தாலே முட்டிக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய், நரம்பு, ஜவ்வு எல்லாவற்றையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஷாட்ஸ்கர் 2", "ஷாட்ஸ்கர் 6" என்று எழுதியிருப்பார்கள். டொரான்டோவில் ஜோசப் ஷாட்ஸ்கரும் சக மருத்துவர்களும் 1979-இல் வெளியிட்ட வகைப்பாடு அது. வெளிப்பக்கம் பிளந்தால் 1, பிளந்து அமுங்கினால் 2, பிளவு இல்லாமல் அமுங்கினால் 3, உள்பக்கம் உடைந்தால் 4, இருபக்கமும் உடைந்தால் 5, மூட்டுப் பகுதியே எலும்பின் தண்டிலிருந்து தனியாகக் கழன்றுவிட்டால் 6. பேச்சுக்கு வசதியான எண்கள். ஒரு குறை: இது முன்பக்க எக்ஸ்ரேயை வைத்து உருவானது. பின்பக்கம் உடைந்த துண்டு அதில் ஒளிந்துகொள்ளும். ஷாங்காய் மருத்துவர்கள் 2010-இல் சி.டி. ஸ்கேனை வைத்து உள், வெளி, பின் என்று மூன்று தூண்களாகப் பிரித்த முறை அந்தக் குறையைத் தீர்த்தது. சி.டி. எடுக்காமல் இந்த ஆபரேஷனுக்கு நாள் குறித்தால், ஏன் என்று கேட்பதில் தவறே இல்லை.

முதல் நாள்கள்: வெளியே போடும் கம்பி

எந்த பிளேட் என்பதற்கு முன்னால் கால் பிழைக்க வேண்டும். கெண்டைக்காலில் தசைகள் நான்கு அறைகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. உள்ளே ரத்தம் கசிந்து அழுத்தம் ஏறினால் தசை மணிக்கணக்கில் செத்துவிடும். இதுதான் காம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். வலி ஊசி போட்டும் அடங்காத வலி, கால் விரலை மெல்ல வளைத்துவிட்டாலே அலறுவது, கெண்டைக்கால் கல்லாக இறுகுவது ஆகியவை அடையாளங்கள். "பாதத்தில் நாடி ஓடுகிறதே, பயமில்லை" என்ற ஆறுதலை நம்ப வேண்டாம். நாடி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும். டயஸ்டாலிக் ரத்த அழுத்தத்திலிருந்து (பி.பி.யின் கீழ் எண்) அறையின் அழுத்தத்தைக் கழித்தால் 30-க்குக் கீழே வருகிறது என்றால், நான்கு அறைகளையும் உடனே திறந்துவிட வேண்டும். வீங்கிய காலை எண்ணெய் போட்டு உருவுவதும், மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டுவதும் இந்த ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் வேலைகள்.

இன்னும் இரண்டு சோதனைகளை முதல் நாளே செய்து எழுதிவைக்க வேண்டும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து, 0.9-க்குக் கீழே வந்தால் ரத்தக்குழாயைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ. பாதத்தை மேலே தூக்க முடிகிறதா என்பது அடுத்தது. முடியவில்லை என்றால் வெளிப்பக்க நரம்பு அடிபட்டிருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே இப்படி இருந்ததா, பின்னால் வந்ததா என்ற குழப்பம் பிறகு எழக் கூடாது.

இருபக்கமும் நொறுங்கிய கால்களில் தோல் பளபளத்து, கொப்புளம் கிளம்பியிருக்கும். அந்தத் தோலைக் கீறினால் புண் ஆறாது. அதற்காகத்தான் முட்டியைத் தாண்டி வெளியே கம்பி போடுகிறார்கள்: தொடை எலும்பில் இரண்டு, டிபியாவின் நடுப்பகுதியில் இரண்டு 5 மி.மீ. பின்கள், இரண்டையும் இணைக்கும் தண்டு. கால் அதன் நீளத்துக்கு இழுபட்டவுடன் துண்டுகள் ஓரளவு தாமாகவே இடத்துக்கு வரும், வீக்கமும் இறங்கத் தொடங்கும். சி.டி. எடுக்க வேண்டியது இதற்குப் பிறகுதான். இழுத்து வைத்த காலில் எடுக்கும் ஸ்கேன் காட்டும் தெளிவு, குலைந்து கிடக்கும் காலில் எடுத்ததில் கிடைக்காது. தற்காலிகச் சாதனம் என்றாலும் இதற்கு எங்கள் மதிப்பீடு மிக உயர்ந்தது. அது சொதப்புவது ஒரே ஓர் இடத்தில்: பின்னால் பிளேட் வரப்போகிற இடத்திலேயே பின்னைக் குத்திவிடுவது. பின் துளையின் கிருமி பிளேட்டுக்குத் தொற்றிக்கொள்ளும்.

தோலை விரலால் லேசாகக் குவித்தால் சுருக்கம் விழ வேண்டும். அதுதான் பச்சைக்கொடி. சாதாரணமாக 7 முதல் 14 நாள் ஆகும். "பத்து நாளா சும்மா படுக்க வெச்சிருக்காங்க" என்ற கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்தக் காத்திருப்பும் சிகிச்சைதான். தமிழ்நாட்டில் இதில் ஒரு பணக்கணக்கும் உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய "நம்மைக் காக்கும் 48" திட்டம் சாலை விபத்தின் முதல் 48 மணி நேரத்துக்கானது. வெளிக்கம்பி அதற்குள் வந்துவிடலாம், பிளேட் போடும் ஆபரேஷன் வராது. இரண்டாவது ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுக்குமா என்பதை முதல் நாளே காப்பீட்டுக் கவுன்ட்டரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெறும் ஸ்க்ரூ

இளம் வயது, கெட்டி எலும்பு, வெளிப்பக்கம் பிளவு மட்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் வாஷர் வைத்த 6.5 மி.மீ. ஸ்க்ரூ இரண்டோ மூன்றோ போதும். சின்னக் கீறல், குறைந்த செலவு. வெளியிலிருந்து கிளாம்ப் போட்டு அழுத்தியும் பிளவு மூடவில்லை என்றால், மூட்டுக்குள் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் ஜவ்வு இடையில் சிக்கியிருக்கிறது என்று பொருள். திறந்து பார்க்காமல் ஸ்க்ரூவை முறுக்கினால் ஜவ்வைத்தான் நசுக்குவோம். வயதானவர்களுக்கு இது வேண்டாம். வாஷரே எலும்புக்குள் புதைந்துவிடும்.

வெளிப்பக்க பிளேட்

அதிகம் விற்பதும், அதிகம் தவறாகப் பயன்படுவதும் இதுதான். எலும்பின் வடிவத்துக்கு வளைத்தே வரும் எல் வடிவத் தகடு. பழைய 4.5 மி.மீ. பிளேட்டைவிட 3.5 மி.மீ. பிளேட்டை நாங்கள் விரும்புகிறோம். மெல்லியது, தோலுக்கடியில் துருத்தாது. முக்கியமாக, தலைப்பகுதியில் மூன்று நான்கு ஸ்க்ரூக்களை மூட்டுப் பரப்புக்கு நேர் கீழே வரிசையாக அடுக்க முடிகிறது. தூக்கி நிறுத்திய பரப்பு மறுபடி இறங்காமல் காப்பது அந்த வரிசைதான். பரப்பிலிருந்து தள்ளிக் கீழே போய்விட்டால் அந்த ஸ்க்ரூக்கள் இருந்தும் பயனில்லை. ஆபரேஷன் முடிந்த எக்ஸ்ரேயில் நீங்களே பார்க்கலாம்.

வேலை நடக்கும் விதம் இது. மெனிஸ்கஸ் ஜவ்வுக்குக் கீழே மூட்டைத் திறந்து, ஜவ்வை நூலில் கட்டித் தூக்கி, பள்ளத்தை நேரில் பார்க்கிறார்கள். பிளவு இருந்தால் அதைப் புத்தகம் போல் விரித்து உள்ளே போகலாம். இல்லாவிட்டால் கீழே எலும்பில் ஒரு சிறு ஜன்னல். அமுங்கிய குருத்தெலும்பை மட்டும் நெம்பினால் துண்டு துண்டாக உதிர்ந்துவிடும். அதற்கடியிலுள்ள பஞ்செலும்போடு சேர்த்து, கீழிருந்து மெதுவாகத் தட்டி, ஒரே கட்டியாக மேலே ஏற்ற வேண்டும். சரியான மட்டத்துக்கு ஒரு நூல் மேலே நிறுத்துவதும் உண்டு. பிறகு கொஞ்சம் இறங்கும் என்பது தெரிந்ததே. முதலில் கம்பிகளால் பிடித்துவிட்டு, பிறகு பிளேட். ஜவ்வு கிழிந்திருந்தால் அதையும் அங்கேயே தைத்துவிட வேண்டும், வெட்டி எறியக் கூடாது.

லாக்கிங் ஸ்க்ரூவைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் தலை பிளேட்டின் மரையில் பூட்டிக்கொள்ளும். ஆனால் எலும்பைப் பிளேட்டை நோக்கி இழுக்காது. விரிந்த எலும்பைக் கிளாம்ப் போட்டோ, சாதாரண ஸ்க்ரூ போட்டோ முதலில் நெருக்கிவிட்டுத்தான் பூட்ட வேண்டும். வரிசை மாறினால், விரிந்த நிலையிலேயே அழகாகப் பூட்டிய மூட்டு கிடைக்கும். 5 மி.மீ. அகலம் கூடினாலே முட்டி ஆடத் தொடங்கும். கெட்டி எலும்புள்ள 30 வயதுக்காரரின் எளிய பிளவுக்கு லாக்கிங் பிளேட்டின் கூடுதல் விலை வீண். எலும்பு தளர்ந்த 60 வயதுக்காரருக்கு அது தேவை.

பள்ளத்தைத் தூக்கியதும் கீழே ஒரு வெற்றிடம் இருக்கும். இடுப்பெலும்பிலிருந்து எடுத்து நிரப்புவது பழைய வழி, செலவில்லை. ஆனால் எடுத்த இடம் பல வாரம் வலிக்கும். கால்சியம் பாஸ்பேட் சிமென்ட் இறுகிக் கெட்டியாகி, பரப்பு இறங்குவதை இடுப்பெலும்பைவிட நன்றாகத் தடுக்கிறது, விலைதான் அதிகம். மூட்டுக்குள் கசிந்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். கால்சியம் சல்பேட் சீக்கிரம் கரைந்துவிடுவதால், ஆழமான பள்ளத்தில் அதை மட்டும் நம்புவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

அமுங்கல் மட்டும் உள்ள மூன்றாம் வகைக்கு ஆர்த்ராஸ்கோப் (சிறு துளை வழியாக மூட்டுக்குள் விடும் கேமரா) உதவியோடு செய்வது நல்ல வழி. கேமராவோடு உள்ளே போகும் நீரை பம்ப் அழுத்தத்தில் ஏற்றினால், முறிவு வழியாகக் கெண்டைக்காலுக்குள் இறங்கி அங்கே அழுத்தம் ஏறும். குறைந்த அழுத்தமே போதும்.

இரண்டு பிளேட்

5, 6 வகைகளில் உள்பக்கத்தின் பின்மூலையில் ஒரு துண்டு தனியாக, நெட்டுக்குத்தாகப் பிளந்திருப்பது அடிக்கடி காணக்கூடியது. வெளிப்பக்கத்திலிருந்து ஒரே லாக்கிங் பிளேட்டைப் போட்டு, அதன் நீள ஸ்க்ரூக்கள் உள்பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும் என்று நம்புவதுதான் இந்த ஆபரேஷனின் பெரிய ஏமாற்றம். ஸ்க்ரூக்கள் போகும் திசையும் அந்தத் துண்டின் பிளவும் ஏறத்தாழ ஒரே போக்கில் இருப்பதால், பிடிப்பு விழுவதே இல்லை, அல்லது நுனி மட்டும் தொடும். முதல் எக்ஸ்ரே அருமையாக இருக்கும். கால் ஊன்றத் தொடங்கியதும் உள்பக்கம் கீழே வழுக்கி, கால் வில்லாக உள்ளே வளையும். இதை இரண்டாவது தடவை சரிசெய்வது மிகக் கடினம்.

ஆகவே அந்தத் துண்டுக்கு அதன் முதுகிலேயே ஒரு பிளேட் வேண்டும். உள்பக்கப் பின்விளிம்பில் தனிக் கீறல்; சாதாரண 3.5 மி.மீ. பிளேட், சற்றுக் குறைவாக வளைத்தது. முதல் ஸ்க்ரூ துண்டின் கீழ்நுனிக்குச் சற்றுக் கீழே போகும். அதை முறுக்க முறுக்க பிளேட் எலும்போடு படிந்து, துண்டை மேலேயும் உள்ளேயும் தள்ளி அதன் இடத்தில் உட்கார வைக்கும். விலை உயர்ந்த லாக்கிங் பிளேட் இங்கே தேவையே இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. உள்பக்கம் பெரும்பாலும் ஒரே பெரிய துண்டு என்பதால் முதலில் அதை நிறுத்தி, நீளத்தையும் கோணத்தையும் மீட்டுவிட்டு, நொறுங்கிய வெளிப்பக்கத்தை அதற்கு ஒப்பாகக் கட்டுவது நல்லது. உள்பக்கத்தின் மேல் ஸ்க்ரூக்கள் மட்டும் குட்டையாக இருக்கட்டும். நீளமாகப் போட்டால், இன்னும் சரியாக நிறுத்தாத வெளிப்பக்கத் துண்டுகளைத் தப்பான இடத்தில் பூட்டிவிடும்.

நடுவில் ஒரே நீளக் கீறல் போட்டு, இரண்டு பக்கமும் தோலை உரித்துத் திருப்பி, இரண்டு பிளேட்டையும் வைத்த காலம் ஒன்று இருந்தது. தோல் கருகி, தகடு வெளியே தெரிந்து, சீழ் பிடித்து, இரண்டு பிளேட் என்றாலே பயம் வந்தது அதனால்தான். இன்று கீறல்கள் தனித்தனி. இடையில் குறைந்தது 7 செ.மீ. தோல் விட வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் புகை பிடிப்பவர்களும் இந்தக் கணக்கிலும் அபாயத்தில்தான் இருக்கிறார்கள். ஆபரேஷனுக்காகக் காத்திருக்கும் நாள்களில் சிகரெட்டை விட்டால் அதற்கும் பலன் உண்டு.

ரிங்

சோவியத் நாட்டின் குர்கன் நகரில் காவ்ரீல் இலிசாரோவ் உருவாக்கிய முறை. 1.8 மி.மீ. கம்பிகளை எலும்பின் வழியாகக் குறுக்கே செலுத்தி, முறுக்கேற்றி, வளையத்தில் கட்டுவார்கள். முட்டி மடங்குவதற்காக மேல் வளையம் பின்பக்கம் திறந்திருக்கும். தோல் நாசமான கால், திறந்த முறிவு, நொறுங்கல் தண்டுவரை இறங்கிய ஆறாம் வகை ஆகியவற்றுக்கு இது கைவிடாது. கனடாவின் எலும்பு விபத்து மருத்துவர்கள் 82 நோயாளிகளிடம் இரண்டு பிளேட்டையும் ரிங்கையும் ஒப்பிட்டு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ரிங் போட்டவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், ரத்த இழப்பும் பெரிய சிக்கல்களும் குறைவாக இருந்தன. இரண்டாண்டு முடிவில் காலின் செயல்பாட்டில் குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை.

குறைகள் அன்றாட வாழ்க்கையில் தெரியும். மாதக்கணக்கில் வளையத்தோடு படுக்க வேண்டும், வேட்டியோ நைட்டியோதான் உடுத்த முடியும், கம்பி நுழையும் ஒவ்வொரு துளையையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். துளையில் சிவப்பு, கசிவு வருவது சகஜம்; பெரும்பாலும் மாத்திரையில் அடங்கும். மேல் கம்பி மூட்டுப் பரப்புக்கு 14 மி.மீ. நெருக்கத்துக்குள் போனால், துளையின் கிருமி மூட்டுக்குள்ளேயே போய்விடும். அது சகஜமான சிக்கல் அல்ல.

ராடு

மூட்டுப் பரப்பு உடையாமல், அதற்குக் கீழே மேல் மூன்றில் ஒரு பங்கில் உடைந்தால்தான், எலும்பின் குழலுக்குள் இறக்கும் ராடு பேச்சுக்கு வரும். "ராடு போட்டா சீக்கிரம் நடக்கலாம்" என்பது உண்மைதான். நடுத்தண்டு முறிவில் அது ராஜா. மேல்முனையில் எலும்பின் குழல் அகலம், ராடுக்கு அங்கே பிடிப்பில்லை. முட்டியை மடக்கி ராடு இறக்கும்போது, முட்டிச் சில்லுக்குக் கீழேயுள்ள தசைநாண் மேல்துண்டை முன்னே இழுக்கும். முறிவு முன்பக்கம் கூனி, கால் வெளிப்பக்கமாகச் சாய்ந்து ஒட்டும். 5 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் அது கோணல்தான். முட்டியைக் கொஞ்சமாக மடக்கி, சில்லுக்கு மேலிருந்து ராடு இறக்கினால் இந்த இழுப்பு குறைகிறது. மேல்துண்டில் ராடுக்குப் பின்னாலும் வெளிப்பக்கத்திலும் ஒவ்வொரு தடுப்பு ஸ்க்ரூ வைத்தால், ராடு வழுக்க இடமில்லாமல் எலும்பு நேராகும். இதில் பழகிய கையிடம் ராடு சிறந்த தேர்வு. பழகாத கையிடம் வெளிப்பக்க பிளேட்டே பாதுகாப்பு.

முட்டி ஏற்கெனவே தேய்ந்து, எலும்பும் தளர்ந்த முதியவர்களுக்குச் சில இடங்களில் நேரடியாக மூட்டு மாற்றே செய்கிறார்கள். உடனே கால் ஊன்றலாம் என்பது பெரிய வசதி. நீளத் தண்டுள்ள மூட்டு வேண்டும், வேலையும் கடினம். மற்றவர்கள் "எப்படியும் பின்னால மூட்டு மாத்தணுமாமே" என்று கலங்க வேண்டியதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பத்தாண்டுக்குள் மூட்டு மாற்று தேவைப்பட்டவர்கள் 7.3 சதவீதம், முறிவே இல்லாத ஒத்த வயதினரில் அது 1.8. அபாயம் கூடுவது மெய், ஆனால் பெரும்பான்மையோர் சொந்த மூட்டோடுதான் இருக்கிறார்கள்.

இரண்டு மூன்று மி.மீ.க்குள் விலகி, நீட்டிய நிலையில் பக்கவாட்டில் ஆடாத முட்டிக்கு ஆபரேஷனே வேண்டாம். கீல் வைத்த பிரேஸ், ஆறு முதல் எட்டு வாரம் கால் ஊன்றாமை, முதல் மூன்று வாரமும் வாரம் ஒரு எக்ஸ்ரே.

டைட்டானியமா, ஸ்டீலா?

எம்.ஆர்.ஐ. படத்தில் டைட்டானியம் குறைவாக மறைக்கும். ஆனால் அதன் லாக்கிங் ஸ்க்ரூ சில வருடங்களில் பிளேட்டோடு ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது தலை வழுக்கி உயிரை வாங்கும். எலும்பு ஒட்டுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கையில் இருக்கும் பணத்தை டைட்டானியத்துக்குச் செலவிடுவதா, நல்ல பிசியோவுக்கா என்றால், எங்கள் பதில் பிசியோவுக்குத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு

முட்டி மடக்குவது உடனே தொடங்க வேண்டும். கால் ஊன்றுவது தாமதமாக. இந்த இரண்டையும் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் நிறைய. எளிய பிளவுக்கு ஆறு வாரம், அமுங்கலுக்கும் இரண்டு பிளேட்டுக்கும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வாக்கரில், அந்தக் காலில் எடை போடாமல் நடை. அதே நேரம் நாலு வாரத்துக்குள் முட்டி 90 டிகிரி மடங்க வேண்டும்; படுக்கையில் குதிகாலை இழுத்து மடக்குவது, தொடைத் தசையை இறுக்குவது, பாதத்தை மேலும் கீழும் அசைப்பது எல்லாம் முதல் நாளிலிருந்தே. ஜவ்வு தைத்திருந்தால் ஆறு வாரம் 90-க்கு மேல் மடக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியை, வலியில்லை என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

பாசத்தில் செய்யும் தவறு ஒன்று: முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது. சுகமாக இருக்கும், சில வாரத்தில் முட்டி நிமிராமல் போய்விடும். தலையணை குதிகாலுக்கு அடியில் போகட்டும், முட்டி தொங்கட்டும். எட்டாவது வாரத்திலும் 90-ஐத் தொடவில்லை என்றால் மயக்கம் கொடுத்து மடக்கிவிடுவது பற்றிக் கேளுங்கள். ஆறு மாதம் தள்ளினால் அந்த வாய்ப்பும் போய்விடும். தரையில் சம்மணமும் இந்தியக் கழிப்பறையும் எலும்பு முழுதாகக் கூடிய பிறகுதான். அதுவரை மேல்நாட்டுக் கழிப்பறைக்கோ, ஓட்டை நாற்காலிக்கோ முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

பிளேட்டை எடுக்க வேண்டுமா? தொந்தரவு இல்லை என்றால் வேண்டாம். வெளிப்பக்கம் தகடு குத்துகிறது, மண்டியிட்டால் வலிக்கிறது என்றால், ஒன்றரை வருடம் கழித்து, எக்ஸ்ரேயில் எலும்பு முழுதாகக் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு எடுக்கலாம். எந்த கம்பெனி, எந்த அளவு என்று ஒட்டியிருக்கும் இம்ப்ளான்ட் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் காகிதத்தோடு பத்திரமாக வைத்திருங்கள். கழற்றும் ஸ்க்ரூடிரைவர் அதற்கேற்ப மாறும்.